அரை அரிசி அளவு மூளை, 1,400 டெராபைட் டேட்டா

2024 மே மாசம், மனித மூளையையே கூகுள் மேப் போட்டுடுச்சுங்கிற மாதிரி செய்திகள் வந்துச்சு. முழு மூளை இல்லைங்க. ஒரு கன மில்லிமீட்டர். அரை அரிசி இருக்கும், அவ்வளவுதான்.

ஹார்வர்டில் ஜெஃப் லிக்ட்மன் ஆய்வகமும் கூகுளும் சேர்ந்து செஞ்ச வேலை இது. வலிப்பு நோய் இருந்த 45 வயசுப் பெண் ஒருத்தருக்கு அறுவை சிகிச்சை. கோளாறு மூளைக்குள்ள ஆழத்தில். அங்கே போறதுக்காக மேலே இருந்த டெம்பொரல் கார்டெக்ஸில் ஒரு சின்னத் துண்டை எடுத்தாங்க. சாதாரணமா குப்பைக்குப் போயிருக்கும். அதை 5,000-க்கும் மேற்பட்ட சீவல்களா சீவி, ஒவ்வொண்ணையும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் பிடிச்சாங்க. ஒரு சீவல் சுமார் 30 நானோமீட்டர். தலைமுடி தடிமனுக்கு ரெண்டாயிரம் சீவலாவது அடுக்கணும்.

கிடைச்ச டேட்டா 1.4 பெட்டாபைட். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் 1,400 வேணும். உள்ளே சுமார் 57,000 செல்கள், 15 கோடி சினாப்ஸ்கள்.

இதில் கூகுள் எதுக்கு? படம் எடுத்தா போதாது, எந்தக் கோடு எந்த செல்லோடதுன்னு பிரிக்கணும். எம்எஸ் பெயிண்ட்ல பெயிண்ட் பக்கெட் ஞாபகம் இருக்கா? ஒரு புள்ளியில் க்ளிக் பண்ணா எல்லை வரைக்கும் கலர் பரவும். அதே ஐடியாதான், ஆனா 3டி-யில். எல்லை எதுன்னு நியூரல் நெட்வொர்க் முடிவு பண்ணும். பேரு ஃப்ளட் ஃபில்லிங் நெட்வொர்க்.

சிக்கலும் இங்கேதான். மெஷின் சில சமயம் ரெண்டு செல்லை ஒட்டிடும், சில சமயம் ஒரே செல்லை ரெண்டா வெட்டிடும். மனுஷங்க உட்கார்ந்து ஒவ்வொண்ணா திருத்தணும். திருத்தி முடிச்சது ரொம்பக் கொஞ்சம். ஏஐ எல்லாத்தையும் முடிச்சிடுச்சுன்னு யாராவது சொன்னா, ப்ரூஃப்ரீடிங் யார் பண்றாங்கன்னு கேளுங்க.

எனக்குப் பிடிச்ச கண்டுபிடிப்பு ஒண்ணு. பெரும்பாலும் ஒரு ஆக்ஸான் இன்னொரு நியூரானை ஒரே இடத்தில்தான் தொடும். அபூர்வமா சில ஜோடிகள் 50 இடங்கள் வரைக்கும் பிணைஞ்சிருக்கு! நல்லாப் பழகின விஷயத்தை யோசிக்காமலே செய்யிறோமே, அதுக்கான வயரிங்கா இது? ஆசையா இருக்கு, ஆனா அவசரப்படக் கூடாது. இது வலிப்பு நோயாளியோட திசு. நோயாலயோ, சாப்பிட்ட மருந்தாலயோ அப்படி ஆகியிருக்கலாம். ஒப்பிட இன்னொரு ஆளோட துண்டு வேணும். ஆரோக்கியமா இருக்கிறவங்க மூளையை வெட்டித் தரச் சொல்ல முடியுமா?

இன்னொண்ணு, இது வயரிங் டயகிராம் மட்டும்தான். கரண்ட் எப்படி ஓடுதுன்னு இதில் தெரியாது.

முழு மனித மூளைக்கு இதே கணக்கு போட்டா ஜெட்டாபைட் ஆகும். அதனால அடுத்த இலக்கு எலி. அதுவும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் 10 கன மில்லிமீட்டர்.

டேட்டா முழுக்க இலவசம். நியூரோகிளான்சர்னு ஒரு டூல், பிரவுசர்லயே ஓடும். எச்01-னு தேடித் திறந்து, ஒரு நியூரானை க்ளிக் பண்ணி அது எதுவரைக்கும் போகுதுன்னு பாருங்க. எங்கேயாவது ரெண்டு செல் தப்பா ஒட்டியிருக்கிற மாதிரி தெரிஞ்சா ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.