குருவி பார்ப்பது சோதினைக்கு வருமா?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், மாணவிகளின் பறவை பார்க்கும் குழுவை நடத்திவரும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எம்மைப் பேச அழைத்தபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நாம் அதிகம் யோசிக்கவில்லை. சனிக்கிழமை விடியற்காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீரேரிக் கரைக்குப் போவதும், வந்து நிற்கும் பறவைகளை எண்ணி எழுதுவதும்தான் எமது வேலை. இதைச் சொன்னால் பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி ஒன்று உண்டு: "ரீச்சர், குருவி பாக்கிறது சோதினைக்கு வருமோ?" வராது என்றுதான் சொல்கிறோம். பொய் சொல்லி ஒரு பிள்ளையையும் கூட்டிப்போனதில்லை.

நாமும் அப்படி வளர்ந்தவர்கள்தானே. நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவரின் பாட்டை இந்த வகுப்பறைகளில் இருந்துதான் பாடமாக்கினோம். பொருள் எழுதினோம், நயம் எழுதினோம், புள்ளியும் வாங்கினோம். ஆனால் பஸ்ஸில் வல்லை வெளியைக் கடந்து வீட்டுக்குப் போகையில், யன்னலுக்கு வெளியே தண்ணீரில் நின்ற நாரையை நாம் பார்க்கவில்லை. புலுனியும் செண்பகமும் ஆக்காட்டியும் வீட்டைச் சுற்றியே இருந்தன. அவற்றின் பெயர் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

பார்க்க விரும்பியவர்களுக்கும் பல ஆண்டுகள் வழி இருக்கவில்லை. தொலைநோக்கி ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடற்கரையில் நிற்க எவருக்குத் துணிவு வந்திருக்கும்? கொழும்பில் 1943இல் தொடங்கிய பறவைக் கழகமும், 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு உருவான களப் பறவையியல் குழுவும் தெற்கில் ஆண்டாண்டாகக் குறிப்புகளைச் சேர்த்து வந்தன. நீர்ப்பறவைகளை எண்ணும் ஆசியக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் நடக்கிறது. அந்த ஆண்டுகளிலும் எமது நீரேரிகளுக்குப் பறவைகள் வந்துகொண்டுதான் இருந்தன. இடம்பெயர்ந்து அலைந்த எமக்கு அவற்றை நின்று எண்ணும் நிலைமை இருக்கவில்லை. ஆகவே இன்று ஒரு பிள்ளை "முந்தி எவ்வளவு வந்தது, ரீச்சர்?" என்று கேட்டால், எழுதி வைத்த கணக்கு எம்மிடம் மிகக் குறைவு. இந்தக் குறையைப் பற்றிப் பின்னர் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறோம்.

முதலில் எம்மிடம் இருப்பதைச் சொல்கிறோம். எமது குடாநாடு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வரண்ட மண், பறவைகளுக்கோ ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழையில் நீரேரிகளும் தரவைகளும் நிறைகின்றன. தையில் தண்ணீர் வற்றத் தொடங்க, சேற்றில் உள்ள புழுவும் நண்டும் இறாலும் எட்டும் ஆழத்துக்கு வருகின்றன. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் புறப்பட்டு இந்தியாவைக் கடந்து வரும் ஊசிவால் வாத்துகளுக்கும் உள்ளான்களுக்கும் இதற்கு அப்பால் இந்தியப் பெருங்கடல்தான். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குச் சிறிய ஜிபிஎஸ் கருவி பூட்டி விட்டபோது, அவை வட துருவ ரஷ்யாவின் யமால் குடாநாடு வரை போய்க் குஞ்சு பொரித்துவிட்டு மன்னாருக்கே திரும்பி வந்ததைக் கண்டார்கள். இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் பூகோளப் படப் புத்தகத்தைத் தாமாகவே எடுத்துப் பார்க்கிறார்கள்.

சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாக்கப்பட்டு, 2015இல் தேசிய பூங்காவாகத் தரம் உயர்ந்தது. அங்கே பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைச் சல்லடையாக்கித் தண்ணீரை வடித்து உண்பதைக் காணலாம். அவற்றின் இளஞ்சிவப்பு நிறம் உண்ணும் பாசியிலும் சிறு இறாலிலும் இருந்துதான் வருகிறது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் மண்டைதீவுத் தாம்போதி இருக்கிறது. மீசாலைக்கும் புத்தூருக்கும் இடையில் சரசாலைக் குருவிக்காடு இருக்கிறது. கண்டல் மரங்கள் சூழ்ந்த அந்த இடத்துக்கு எமது முன்னோர் வைத்த பெயரே அதன் கதையைச் சொல்லிவிடுகிறது.

தந்திக் கம்பியில் இருக்கும் இரட்டைவால் குருவியை நாம் திரும்பியும் பார்ப்பதில்லை. அந்தக் கரிய பறவை இலங்கையில் வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலும்தான் சாதாரணமாக வாழ்கிறது. கவுதாரியும், கழுத்தின் பின்னால் கறுப்புக் கோடுள்ள சாம்பல் புறாவும் அப்படியே. அவற்றைப் பார்க்கத் தெற்கிலிருந்து இரவு முழுவதும் பயணம் செய்து வருகிறார்கள். எமக்கு அவை வேலியிலேயே இருக்கின்றன.

இனி எமது வேலையைப் பற்றி. ஒரு குழுவை நடத்துவது என்றால் பறவைகளின் பெயர் தெரிந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலையில் கால்வாசிதான். வெள்ளி இரவு ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி எடுக்க வேண்டும். பெற்றோரின் சம்மதக் கடிதம், பாடசாலையின் அனுமதி, வான்காரர் விடிய ஐந்தரைக்கு வருவாரா என்ற கவலை, தண்ணீர்ப் போத்தல், முதலுதவிப் பெட்டி, சேற்றில் செருப்பை விட்டுவிட்டு அழும் சின்னப்பிள்ளை. இவ்வளவுக்கும் பிறகுதான் பறவை. எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டம் முழுவதையும் அளக்க வேண்டும். திகதி, நேரம், இடம் மூன்றும் இல்லாத குறிப்பு குறிப்பே இல்லை. ஒன்றும் காணாத நாளிலும் "ஒன்றும் காணவில்லை" என்று எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு இதுதான் கடினம். வெறுங்கையோடு வந்ததை எழுதப் பழகிய பிள்ளை விஞ்ஞானத்தில் பாதி படித்துவிட்டாள் என்பது எமது எண்ணம்.

எமது பிழை ஒன்றையும் இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும். தொடங்கிய காலத்தில், குளக்கரைப் புளியமரம் ஒன்றில் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். எல்லோரும் மரத்தடிக்கே போய் நின்றோம். தாய்ப் பறவைகள் எழும்பிவிட்டன. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் காகங்கள் இறங்கி முட்டைகளைத் தூக்கின. பக்கத்து வீட்டு ஆச்சி படலையைத் திறந்துகொண்டு வந்து கேட்டா: "பிள்ளையள், நீங்கள் பாக்க வந்தனியளோ, கலைக்க வந்தனியளோ?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. திரும்பி வரும் வழி முழுவதும் பஸ்ஸில் ஒருவரும் பாடவில்லை. அன்றுதான் எமது விதிகளை எழுதினோம். ஒரு முறைக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் இல்லை. கூடு இருக்கும் இடத்துக்குப் போவதில்லை. கூட்டின் படத்தையோ இடத்தையோ முகநூலில் போடுவதில்லை. அந்த மரத்தடிக்கு நாம் அதற்குப் பிறகு போகவில்லை. ஆண்டுதோறும் மாரியில் அந்த ஆச்சியே தொலைபேசி எடுத்து, எத்தனை கூடு என்று சொல்லுவா. அவ படலையடியில் கதிரை போட்டு இருந்து எண்ணுகிறா. எமது கொப்பியில் உள்ள மிக ஒழுங்கான கணக்கு அவவுடையதுதான்.

பறவைகளுக்காகப் பெண்கள் கூடுவது புதுமையான காரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். நூற்றிமுப்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளில் கொக்கின் இறகு சூடுவது நாகரிகமாக இருந்தது. அந்த இறகு குஞ்சு பொரிக்கும் காலத்தில்தான் முளைக்கும். ஆகவே தாயைச் சுட்டால் குஞ்சுகளும் பட்டினியால் சாகும். இங்கிலாந்தில் மன்செஸ்டருக்கு அருகே டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்ற பெண் 1889இல் தன் வீட்டிலேயே சிநேகிதிகளைக் கூட்டி, இறகு சூடமாட்டோம் என்று உறுதி எடுக்கச் செய்தார். அமெரிக்காவில் பொஸ்ரன் நகரில் ஹரியற் ஹெமன்வேயும் உறவினர் மின்னா ஹோலும் 1896இல் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்களைத் தேநீருக்கு அழைத்து அதே காரியத்தைச் செய்தார்கள். இங்கிலாந்தில் இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் வர 1921 ஆயிற்று. 32 ஆண்டுகள்! வில்லியம்சன் தொடங்கிய சங்கம்தான் இன்று உலகின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கங்களுள் ஒன்று. எமது காலத்திலேயே அசாமில் பூர்ணிமா தேவி பர்மன் கிராமத்துப் பெண்களைத் திரட்டி, அபசகுனம் என்று வெறுக்கப்பட்ட பெருநாரையைக் காப்பாற்றினார். அந்தப் பெண்கள் நாரையின் உருவத்தைச் சேலையில் நெய்கிறார்கள். 2022இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் விருது அவரைத் தேடி வந்தது.

எமது தொல்லைகள் அவ்வளவு பெரியவை இல்லாவிட்டாலும் நாளாந்தம் வருபவை. தரவைகளை வெறும் வெளி என்று நினைத்துக் குப்பை கொட்டுகிறார்கள். கோழிக்கழிவும் சொப்பிங் பையும் கண்டல் வேரில் தொங்குகின்றன. கைவிட்ட தங்கூசி வலையில் உள்ளான்கள் சிக்கிக் கிடப்பதைப் பிள்ளைகளே கத்தரிக்கோலால் வெட்டி விட்டிருக்கிறார்கள். இன்னொரு சிக்கல் எளிதில் தீராதது. எமது கிணறுகள் உவராகி வருகின்றன. நீரேரிகளை நன்னீராக்க வேண்டும் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்த "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டம் இன்றும் பேசப்படுகிறது. உவர்நீர்ச் சேற்றை நம்பி வரும் பறவைகளுக்கு அதனால் இடம் குறையலாம். தண்ணீருக்கு வாளியோடு காத்து நிற்கும் தாயிடம் உள்ளானைப் பற்றிப் பேச எமக்கு வாய் வராது. நாம் கேட்பது இதுதான்: எதைச் செய்வதென்றாலும், எங்கே எந்தப் பறவை எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டுச் செய்யுங்கள். எண்ணாமல் இழந்தால், இழந்ததுகூட எவருக்கும் தெரியாமல் போய்விடும்.

இனி, உங்களிடம் கேட்க வந்தது. தொடங்கியபோது நாம் ஒன்பது பேர். இருவர் வெளிநாடு போனார்கள். ஒருவர் தாயைப் பார்க்க வீட்டோடு நின்றார். ஒருவருக்கு முழங்கால் இடம் தரவில்லை. மிஞ்சியவர்களுள் சேற்றில் இறங்கக்கூடியவர்கள் மூவர். பெண்பிள்ளையை விடியப்புறம் வெளியே விடும் பெற்றோர், "கூட்டிப்போறது பழைய மாணவிகள்" என்பதற்காகத்தான் விடுகிறார்கள். நாம் நின்றுவிட்டால் ஆண்பிள்ளைகள் எப்படியும் சைக்கிளில் போவார்கள். எமது பிள்ளைகள்தான் வீட்டில் நிற்பார்கள். ஆகவே ஊரில் இருக்கும் தங்கைமாரே, மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தாருங்கள். பறவையின் பெயர்களை நாம் சொல்லித் தருகிறோம். பொறுப்பை ஏற்க மட்டும் ஆள் வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரே, ஊருக்கு வரும்போது உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் தொலைநோக்கியைக் கொண்டு வாருங்கள். இப்போது நான்கு பிள்ளைகளுக்கு ஒன்றுதான் இருக்கிறது. நீங்களும் அங்கே எண்ணலாம். பிரித்தானியாவில் சனவரிக் கடைசியில் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மணிநேரம் எண்ணும் வழக்கம் 1979இலிருந்து உண்டு. கனடாவில் இருப்போருக்கு மாசியில் பதினைந்து நிமிடம் போதும். தமிழ்நாட்டில் 2015இலிருந்து தைப்பொங்கல் நாட்களிலேயே எண்ணுகிறார்கள். ஒரே பொங்கலன்று ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் சரசாலையிலும் எமது கல்லூரிப் பிள்ளைகள் எண்ணினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இதற்குக் காசு வேண்டாம். முன்பு சொன்ன குறை நினைவிருக்கும். நீங்கள் இங்கே படித்த காலத்தில் உங்கள் ஊர்க் குளத்தில் என்ன பறவை நின்றது? வீட்டு விறாந்தையில் சிட்டுக்குருவிக்கு முட்டி கட்டியிருந்தீர்களா? அது எந்த ஆண்டு வரை வந்தது? கடலோரம் கூட்டமாக இளஞ்சிவப்பாய் எதையும் கண்டதுண்டா? ஊர், ஏறத்தாழ ஆண்டு, கண்டது, இவ்வளவும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். உறுதியில்லை என்றால் உறுதியில்லை என்றே எழுதுங்கள். அந்த ஆண்டுகளுக்கு உங்கள் ஞாபகம்தான் எமது கொப்பி. எண்பது வயது அக்காமாருடைய தாள்களை முதலில் எதிர்பார்க்கிறோம்.

வருகிற சனிக்கிழமை விடிய ஐந்தரைக்குக் கல்லூரி வாசலில் வான் நிற்கும். பன்னிரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். பெரியவர்களுக்கு மூன்று இடம் இருக்கிறது. பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.