டயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

என் ஹேட்ச்பேக்கோட 14 இன்ச் டயர் ஒண்ணு 5,000 ரூபாய் பக்கம் வருதுங்க. அதையே 1,000 குறைச்சுத் தர்றேன்னு கடைக்காரர் சொன்னா, டயர் ஓரத்துல இருக்கிற நாலு இலக்கத்தைத்தான் முதல்ல பார்ப்பேன். 1822னா, 2022-ஆம் வருஷம் 18-ஆவது வாரம் தயாரானது. பழைய ஸ்டாக்! ரப்பர் சும்மா கிடந்தாலே இறுகும். நம்ம ஊர் சூட்டுல இன்னும் சீக்கிரம். அக்னி நட்சத்திரத்துல சென்னை–திருச்சி ஹைவேல 100-ல போறப்ப அது வெடிச்சா? அந்த ஆயிரம் எனக்கு வேண்டாம்.

பக்கத்துலயே ‘டெம்பரேச்சர்’ கிரேடு போட்டிருந்தா, சூடு தாங்குறதுல ‘ஏ’தான் உசத்தி. அதுக்கு 500 கூடக் கொடுப்பேன்.

ஆனா எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும், காத்து குறைஞ்சா பக்கச்சுவர் மடங்கி மடங்கியே சூடேறும். காலையில, வண்டி ஓடுறதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க.