பதுவை நகரில் இரண்டு ஆண்டுகள்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



நாங்கள் இருவரும் இந்தப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டம், மற்றவர் நுவரெலியா பக்கம். இருவருடைய அம்மாமாரும் கொழுந்து எடுத்தவர்கள். பேராதனையில் பட்டம் முடித்த பின் 2021 முதல் 2023 வரை இத்தாலியில் பதுவைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்புப் படித்தோம். ஒருவர் வனவியல், மற்றவர் உள்ளூர் அபிவிருத்தி. அங்கே கண்டதையும் கேட்டதையும் சொல்லும்படி சங்கத்தார் கேட்டார்கள். இருவருக்கும் பொதுவான கதை என்பதால் ஒரே உரையாக எழுதி மாறி மாறி வாசிக்கிறோம்.

பதுவை என்ற பெயர் உங்களுக்குப் புதிதல்ல. கொழும்பு கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றாத குடும்பம் மலையகத்தில் குறைவு. இந்து, கிறிஸ்தவர் என்ற பேதம் அந்தோனியாரிடம் இல்லை. அந்தப் புனிதர் லிஸ்பனில் பிறந்தவர். 1231இல் பதுவைக்கு அருகே இறந்தார். அவருடைய பெருங்கோயில் அங்கேதான் இருக்கிறது. ஜூன் 13ஆம் திகதி திருநாளன்று போனோம். பக்கத்து நகரங்களில் வேலை செய்யும் இலங்கையர் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். சிங்களமும் தமிழும் காதில் விழுந்தபோது, இத்தாலியில் இருக்கிறோம் என்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று.

நகரம் சமதரை. மலையில் பிறந்த எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் குளிர்காலத்தில் மூடுபனி இறங்கினால் நானுஓயா ஸ்டேசனில் நிற்பது போலவே இருக்கும். தெருக்களின் இரு பக்கமும் வீடுகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை ஓடுகிறது. எங்கள் கண்ணுக்கு அது லயத்து இஸ்தோப்புதான். ஒரு வீட்டு இஸ்தோப்பிலிருந்து அடுத்த வீட்டு இஸ்தோப்புக்கு இறங்காமலே நடந்து போகலாம். பொலோஞ்ஞா நகரத்தில் இது இன்னும் அதிகம். அங்கே 2021இல் இந்த நடைபாதைகளை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. அதில் ஒன்று 666 வளைவுகளோடு, ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர் நீளத்துக்கு, குன்றின் மேலுள்ள சான் லூக்கா கோயில் வரை ஏறிப்போகிறது. மழையில் நனையாமல் நடந்தே ஏறினோம்.

பதுவைப் பல்கலைக்கழகம் 1222இல் தொடங்கியது. நாங்கள் படிக்கும்போதே அதன் எண்ணூறாம் ஆண்டு விழா நடந்தது. இன்று நம் பள்ளியின் நூறு ஆண்டைக் கொண்டாடும்போது அது நினைவுக்கு வருகிறது. கலிலியோ அங்கே 18 ஆண்டுகள் கற்பித்தார். அவர் ஏறி நின்ற மரமேடை என்று ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1610 ஜனவரியில் வியாழனின் சந்திரன்களை அவர் கண்டதும் அந்த நகரத்திலிருந்துதான். 1545இல் தொடங்கிய தாவரவியல் தோட்டமும் உண்டு. ஆரம்பித்த அதே இடத்தில் இன்றும் இருக்கும் பல்கலைக்கழகத் தோட்டங்களில் மிகப் பழையது அதுவே. 1585இல் நட்ட ஒரு பனை இனமரம் இன்னும் உயிரோடு நிற்கிறது. வனவியல் படித்தவருக்கு அந்தத் தோட்டமே இரண்டாவது வகுப்பறை. நமது ஹக்கலைத் தோட்டம் 1861இல் சிங்கோனா பயிரிட்டுப் பார்ப்பதற்காகத் தொடங்கியது. அது வியாபாரத்துக்கான தோட்டம். பதுவையில் உள்ளது மருத்துவ மாணவர்கள் மூலிகைகளை இனங்காணப் பழகுவதற்காக வைத்த தோட்டம்.

பல்கலைக்கழகத்தின் பழைய மாளிகையில் படிக்கட்டின் அடியில் ஒரு பெண்ணின் சிலை இருக்கிறது. பெயர் எலேனா கொர்னாரோ பிஸ்கோபியா. உலகிலேயே கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று போற்றப்படுபவர். அவருக்கு இறையியலில் பட்டம் கொடுக்கும்படி விண்ணப்பித்தார்கள். பெண்ணுக்கு இறையியலா என்று ஆயர் மறுத்துவிட்டார். பிறகு மெய்யியலில் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். 1678 ஜூன் 25ஆம் திகதி, கூட்டம் தாங்காமல், பல்கலைக்கழகத்தை விட்டுப் பேராலயத்தில் வைத்துப் பரீட்சித்தார்கள். அவருக்கு அப்போது 32 வயது. மோதிரமும் புத்தகமும் தலைக்கு வாகை இலை முடியும் கொடுத்தார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நாங்கள் இங்கே சொல்ல வேண்டியதில்லை. அதன் பின்னர் அந்தப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் இன்னொரு பெண்ணுக்குப் பட்டம் வழங்கவே இல்லை. முதலாமவரைக் கொண்டாடிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். பொலோஞ்ஞாவில் லௌரா பாஸ்ஸி என்ற பெண் பட்டம் பெற்று விரிவுரையாளராக வருவதற்கு 1732 ஆயிற்று. அந்தச் சிலையைக் கடக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரே எண்ணம்தான். ஒரு தோட்டத்திலிருந்து முதல் பெண் பல்கலைக்கழகம் போனால் மாலை போடுகிறோம், பத்திரிகையில் படம் போடுகிறோம். இரண்டாவது பெண் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

படிப்பு முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே பல பரீட்சைகள் வாய்மொழியாக நடக்கும். பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். மொத்தம் 30 புள்ளி. கிடைத்த புள்ளி போதாது என்று பட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுமுறை தோற்றலாம். பெரியவர்கள் எதிரே வாய் திறக்காமல் வளர்ந்த எங்களுக்கு முதல் பருவம் கடினமாகவே இருந்தது. எங்களுக்குக் கைகொடுத்தது இந்த மண்டபத்தில் டீச்சர்மார் மேடையேற்றிய பேச்சுப் போட்டிகள்தான். பட்டம் பெறும் நாளில் இன்றும் வாகை இலை முடி சூட்டுகிறார்கள். பதுவையில் இன்னொரு வழக்கமும் உண்டு: பட்டதாரியின் சேட்டைகளையெல்லாம் நண்பர்கள் கேலிப் பாட்டாக எழுதிப் பெரிய தாளில் ஒட்டிவிடுவார்கள். அதைத் தெருவில் நின்று அவரே உரக்க வாசிக்க வேண்டும். நாங்களும் வாசித்தோம். என்ன எழுதியிருந்தது என்பதை இங்கே சொல்ல மாட்டோம்.

கோப்பியைப் பற்றிச் சொல்லாமல் இத்தாலியைப் பற்றிப் பேச முடியாது. காலையில் பால் கலந்த கோப்பி. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பால் சேர்த்துக் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பதுவையில் 1831இல் திறந்த பெத்ரோக்கி என்ற கோப்பிக்கடையில் பச்சை அறை என்று ஒன்று உண்டு. அங்கே எதுவும் வாங்காமலே உட்கார்ந்து படிக்கலாம் என்பது பழைய வழக்கம். கையில் காசில்லாத மாணவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி! அங்கே உட்காரும்போது எங்கள் பாட்டன் பூட்டன்மாரை நினைப்போம். அவர்களை இந்த மலைக்குக் கூட்டிவந்தது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காக. 1869இல் இலை நோய் வந்து கோப்பி அழிந்த பிறகுதான் மலையெல்லாம் தேயிலை ஆனது. ஐரோப்பா கோப்பி குடித்து அரசியல் பேசிய அதே காலத்தில் நம்மவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

சுற்றிப் பார்த்ததெல்லாம் சிக்கனமாகத்தான். அரசாங்க அருங்காட்சியகங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம். அதைக் கணக்குப் பண்ணி, மெதுவாகப் போகும் மலிவான ரயிலில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போவோம். வெனிஸ் அரை மணி நேரப் பயணம். றோமில் பன்தியன் என்ற கோயிலின் கூரை நடுவே திறந்திருக்கிறது. மழை நேரே உள்ளே விழுந்து தரையிலுள்ள துளைகளால் வடிந்துவிடுகிறது. மழைக்குப் பயப்படாமல் கட்டிய அந்தக் கட்டடத்தை மலையகத்தவர்கள் பார்க்க வேண்டும்.

எங்களை அதிகம் யோசிக்கவைத்தது புளோரன்ஸ் பேராலயத்தின் கூரைமாடம். புருனெலெஸ்கி அதை 1420 முதல் 1436 வரை, கீழிருந்து மரச்சாரம் முட்டுக்கொடுக்காமலே கட்டி முடித்தார். 463 படி ஏறி மேலே போனோம். ஆனால் படிகளைவிட எங்களுக்கு வியப்பளித்தது, அந்தக் கட்டுமானக் காலத்துக் கணக்கேடுகளைப் பேராலயத்தார் இன்றுவரை வைத்திருப்பதுதான். யாருக்கு என்ன வேலைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிகிறது, இணையத்திலும் படிக்கலாம். நம் மலைநாட்டு ரயில் பாதை 1885இல் நானுஓயாவுக்கு வந்தது. அந்தச் சுரங்கங்களைக் குடைந்தவர்களின் பெயர்கள் யாருக்குத் தெரியும்? பெயர் எழுதாமலில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் செக்ரோல் இருந்தது. பழசான பிறகு அதைக் கட்டாகக் கட்டி எரித்ததை எங்கள் தோட்டத்திலேயே கண்டிருக்கிறோம்.

ஒரு விடுமுறை நாளில் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிறு பட்டணத்துக்குப் போனோம். வீரமாமுனிவர் 1680இல் பிறந்த ஊர். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தவர், ஏகார ஓகார எழுத்துகளை இன்று நாம் எழுதும் முறைக்குக் கொண்டுவந்தவர் என்று எட்டாம் வகுப்பில் மனனம் செய்தது நினைவிருக்கும். அதே ஊரில் செஞ்சிலுவைச் சங்க அருங்காட்சியகமும் இருக்கிறது. 1859இல் பக்கத்துச் சொல்பெரினோவில் நடந்த போரில் காயப்பட்டவர்களை அந்த ஊர்ப் பெண்கள் எந்தப் பக்கத்துப் படைவீரன் என்று பார்க்காமல் பராமரித்தார்கள். அதைக் கண்ட ஹென்றி டுனான்ட் மனத்தில்தான் செஞ்சிலுவைச் சங்கம் கருக்கொண்டது. றோமில் படித்த நம் நாட்டவர் ஒருவரையும் மறக்கக் கூடாது. ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள் 1930களில் அங்கே மாணவராக இருந்தார். 1679இல் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து உலகுக்குக் காட்டியவர் அவர்தான். படிக்கப் போன இடத்தில் நம்முடையதைத் தேடுவது எப்படி என்பதற்கு அவரே முன்மாதிரி.

தெற்கே பலெர்மோ வரைக்கும் ஒருமுறை ரயிலில் போனோம். மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கடக்கிறார்கள். அங்கே இலங்கைத் தமிழர் பலர் வாழ்கிறார்கள். பெல்லெக்ரீனோ மலைக்குகையிலுள்ள புனித ரொசாலியா கோயிலுக்கு அவர்கள் நடந்து ஏறுகிறார்கள். அவர்களில் இந்துக்களும் உண்டு. பெரும்பாலானோர் வீட்டு வேலையும் முதியோரைப் பராமரிக்கும் வேலையும் செய்கிறவர்கள். ஒரு அக்கா எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க படிக்க வந்திருக்கீங்கனு கேக்கவே சந்தோசமா இருக்கு. இங்க நம்மள வேலைக்கு வந்தவங்கனு மட்டுந்தான் தெரியும்." எங்கள் தோட்டங்களிலிருந்து வெளிநாட்டு வீடுகளுக்குப் போன பெண்களை நினைத்துக்கொண்டோம். அந்த வேலை இழிவல்ல. ஆனால் நம் பெண்களுக்கு அது ஒன்றுதான் வழி என்று ஆகிவிடக் கூடாது.

2022இல் நாடு நெருக்கடியில் இருந்தபோது நாங்கள் அங்கே இருந்தோம். வீட்டில் கோதுமை மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. எங்கள் உதவிப்பணத்தில் மிச்சம் பிடித்து அனுப்பினோம். அந்த மாதங்களில் எந்த ஊரையும் பார்க்கப் போகவில்லை.

இனித் தங்கைமாருக்கு. இத்தாலியின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்திலேயே படிக்கக்கூடிய பட்டங்கள் பல இருக்கின்றன. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். பிராந்திய அரசுகளின் புலமைப்பரிசிலும் வருமானத்தை வைத்தே வழங்கப்படுகிறது. தோட்டத் தொழிலாளியின் சம்பளச் சீட்டு இங்கே நமக்குக் குறைவாகத் தோன்றலாம். அங்கே அதுவே தகுதி. விண்ணப்பத்தைப் பல்கலைக்கழக இணையத்தளத்தில் நீங்களே அனுப்பலாம். ஒரு முகவர் எங்களிடம் இதற்கே பல இலட்சம் கேட்டார். கொடுக்கவில்லை. சான்றிதழ்களை மொழிபெயர்த்து உறுதிப்படுத்த மாதக்கணக்காகும், முன்கூட்டியே தொடங்குங்கள். போய் இறங்கி எட்டு வேலை நாட்களுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். உதவிப்பணம் பகுதி பகுதியாகத் தாமதித்து வரும். முதல் சில மாதச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும். பல பிள்ளைகள் நின்றுபோவது அந்த இடத்தில்தான்.

ஆகவே சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, அந்த முதல் சில மாதங்களுக்குக் கடனாகக் கொடுக்க ஒரு சிறு நிதி. திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாகவே இருக்கட்டும். ஒருவர் திருப்பும்போது அடுத்தவர் போகலாம். எங்கள் முதல் பங்கை இன்று பொருளாளரிடம் கொடுத்துவிட்டோம். இரண்டாவது, நம் பள்ளியின் பழைய சேர்வு இடாப்புகளையும், தோட்டங்களில் மிஞ்சியிருக்கும் செக்ரோல்களையும் படம்பிடித்துப் பாதுகாப்பது. நாங்கள் ஊர் திரும்பிய 2023இல் மலையகத்தார் வந்த இருநூறாம் ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அப்படி நடந்து வந்தவர்களின் பேத்திகள் இந்த இடாப்புகளில் இருக்கிறார்கள். பள்ளிக்கு முதலில் வந்த பெண் யார், இரண்டாவது யார், எந்த வகுப்போடு நின்றார், ஏன் நின்றார் என்று தெரிந்தால்தான் அடுத்த நூறு ஆண்டில் என்ன செய்வது என்று தெரியும்.