சுகமில்லாதவரைப் பார்க்கப் போவதும் போகாமல் இருப்பதும்

(மொனராகலையில் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், பேர், வீடு, காணி என்று பேசுவோம். இன்றைக்கு அதோடு சேர்த்து வேறொரு விஷயத்தையும் பேச வேண்டியிருக்கிறது.

நம் லயங்களில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். பதுளைக்கும் மகரகமைக்கும் பஸ் ஏறிப் போய் வருகிறார்கள். சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊவாவில் அந்த நோய் எத்தனை குடும்பங்களைப் பிடித்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மூட்டு வாதத்துக்கும் இழுப்புக்கும் வருஷக்கணக்கில் பிரெட்னிசலோன் குளிசை குடிப்பவர்கள், சீனி வியாதி கட்டுப்படாதவர்கள், தலசீமியாவுக்கு மண்ணீரல் எடுத்த பிள்ளைகள் என்று இன்னும் பலர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. உடம்பில் நோயை எதிர்க்கிற சக்தி குறைந்திருக்கிறது. நமக்கு மூன்று நாள் தடிமனாக வந்து போவது, அவர்களுக்கு நிமோனியாவாக மாறி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

இன்னொரு பக்கம் நம்முடைய பழக்கம் இருக்கிறது. யாருக்காவது சுகமில்லை என்றால் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பாண், கொஞ்சம் பழம், ஒரு பக்கெட் பால்மா என்று எதையாவது எடுத்துக்கொண்டு போவோம். போகாவிட்டால் மனக்குறை. "எனக்கு முடியாமல் கிடந்தப்ப அவ எட்டிக்கூடப் பார்க்கல" என்ற பேச்சு பத்து வருஷமானாலும் மறையாது. இது நல்ல பழக்கம். இந்தப் பழக்கத்தால்தான் நம் சனங்கள் இத்தனை கஷ்டத்திலும் ஒருவரையொருவர் தாங்கி வந்திருக்கிறார்கள். அதை விடச் சொல்ல நாங்கள் வரவில்லை.

ஆனால் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த ஒரு அக்காவை நினைத்துப் பாருங்கள். பக்கத்துக் காம்பராவில் சிநேகிதிக்குக் கடுமையான காய்ச்சல். போகாவிட்டால் சிநேகிதி கோபிப்பாள். போனால் தன் உயிருக்கு ஆபத்து. அவள் வாய் திறந்து "நான் வரமாட்டேன்" என்று சொல்ல வேண்டுமா? அந்தப் பாரத்தையும் அவள் தலையிலேயே வைப்பதா? இதை லயத்தில் உள்ள எல்லோரும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்பதுதான் இன்று நாங்கள் சொல்ல வந்தது.

முதலில் ஒரு பயத்தை நீக்கி விடுவோம். புற்றுநோய் தொற்றாது. சிறுநீரக நோய் தொற்றாது. சீனி தொற்றாது. அவர்கள் குடித்த கோப்பையில் குடித்தால் நமக்கு ஒன்றும் வராது. அவர்களைப் பார்த்து நாம் ஒதுங்க எந்தக் காரணமும் இல்லை. நம்மிடம் உள்ள கிருமி அவர்களுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

கிருமி எப்படிப் போகிறது? தடிமன், இன்புளுவென்சா, கொரோனா எல்லாம் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் காற்றில் வருகிறவை. காற்று ஓடாத இடத்தில் அவை தங்கி நிற்கும். நம் பழைய லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயத்தில் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. அடுப்புப் புகையும் அங்கேதான். அந்தக் காம்பராவுக்குள் பத்துப் பேர் உட்கார்ந்து சுகம் விசாரித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதே பத்துப் பேர் வாசலில் மாமரத்தடியில் உட்கார்ந்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். இலங்கையில் இன்புளுவென்சா இரண்டு பருவத்தில் கூடுதலாக வருகிறது. ஒன்று ஏப்ரல் முதல் ஜூன் வரை. மற்றது நவம்பர் முதல் ஜனவரி வரை. நம் சித்திரை வருஷப்பிறப்பும் தைப்பொங்கலும் அந்தப் பருவங்களில்தான் வருகின்றன. தீபாவளியும் அதை ஒட்டியே வருகிறது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள் இரவு பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு ஊருக்கு வருவதும் அப்போதுதான். 2020 தீபாவளிக்கு மேல் மாகாணத்தை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது ஞாபகம் இருக்கும். பிள்ளைகள் வராத அந்தத் தீபாவளி எவ்வளவு வெறுமையாக இருந்தது! அப்படித் தடை போடும் நிலைமை இனி வேண்டாம். வருகிற பிள்ளைக்குத் தொண்டை வலியோ காய்ச்சலோ இருந்தால், முதலில் தன் வீட்டில் இருந்து ஆறட்டும். அப்பாயியை, மருந்து ஏற்றுகிற சித்தியை ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்க்கட்டும்.

ஒரு வாரம் என்று ஏன் சொல்கிறோம்? இன்புளுவென்சா வந்தவர், காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்ப ஆரம்பிக்கிறார். பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புகிறார். ஆகவே காய்ச்சல் விட்ட அன்றே பலவீனமானவரைப் பார்க்க ஓடக் கூடாது. ஒரு வாரம் போகட்டும், இருமலும் அடங்கட்டும். அம்மை என்றால், கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு கட்டும் வரை தொற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல் என்றால் காசநோயா என்று சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் மருந்தை ஆறு மாதம் ஒழுங்காகக் குடித்தால் குணமாகும்.

இனி உடம்பு பலவீனமான நம் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். நீங்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதில்லை. தனிமையும் ஒரு நோய்தான். புற்றுநோய் மருந்து ஏற்றியவர்களுக்குப் பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். மருந்துக்கு மருந்து இது மாறும். உங்கள் மருந்துக்கு எந்த நாட்கள் என்று கிளினிக்கில் வைத்தியரிடமோ தாதியிடமோ கேளுங்கள். அந்த நாட்களைக் கலண்டரில் சிவப்பால் வட்டம் போடுங்கள். அந்த நாட்களில் கல்யாண வீடு, சாவு வீடு, கோயில் கூட்டம், சந்தை எதுவும் வேண்டாம். மற்ற நாட்களில் வைத்தியர் சம்மதித்தால் வெளியே வாருங்கள், சிநேகிதிகளோடு பேசுங்கள். கதிர்காமம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஆடித் திருவிழாக் கூட்டத்தில்தான் முருகனைப் பார்க்க வேண்டும் என்றில்லை. கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் விடியற்காலையில் போகலாம்.

சிநேகிதிக்குச் சுகமில்லை என்றால் போனில் பேசுங்கள். கஞ்சியோ ரசமோ வைத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசலில் வைக்கச் சொல்லுங்கள். நேரே பார்த்தே ஆக வேண்டும் என்றால் வெளியே, இரண்டு பாக எட்டத்தில், இரண்டு பேரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பேசுங்கள். ஒரே கோப்பையில் தேத்தண்ணி, ஒரே தட்டில் வெற்றிலை வேண்டாம். வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க மனம் கேட்காது. அப்போதும் கட்டிப்பிடித்து அழாமல், முற்றத்தில் காற்றோட்டமான இடத்தில் நின்று முகம் காட்டிவிட்டுத் திரும்புங்கள்.

ஒரே காம்பராவில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவருக்குப் பலவீனம் என்றால் என்ன செய்வது? இது நம் உண்மையான கஷ்டம். முடிந்தால் காய்ச்சல்காரர் சில நாட்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும். முடியாவிட்டால் பலவீனமானவரைக் கதவு ஜன்னல் பக்கம் படுக்க வையுங்கள். ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால்மாடு வரும்படி பாயை மாற்றிப் போடுங்கள். பகலில் கதவைத் திறந்து வையுங்கள். காய்ச்சல்காரர் வீட்டுக்குள்ளும் முகக்கவசம் போடட்டும்.

ஒரு விஷயத்தை எல்லோரும் மனதில் பதிய வையுங்கள். புற்றுநோய் மருந்து ஏற்றுகிறவருக்கு உடல் சூடு 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹைட் ஏறினால், அது அவசரம். பனடோல் போட்டுப் படுத்து, விடியட்டும் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. நடுச்சாமமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற எண்ணுக்குப் போன் எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கிளினிக் கொப்பியைக் கையோடு எடுத்துப் போய், "இவருக்கு மருந்து ஏற்றுகிறது" என்று வாசலிலேயே சொல்லுங்கள். பிரெட்னிசலோன் குடிப்பவர்களுக்குக் கிருமி ஏறினாலும் சில வேளை காய்ச்சல் தெரியாது. உடம்பு திடீரென்று தளர்ந்தாலே போய்க் காட்ட வேண்டும். பயந்து அந்தக் குளிசையைத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது. அம்மை போட்டவரோடு ஒரே காம்பராவில் இருந்துவிட்டால், தனக்குக் கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நேரத்தோடு சொன்னால் தடுக்க வழி உண்டு. தடுப்பூசி எது போடலாம், எது கூடாது என்பதையும் அவரிடமே கேளுங்கள். சின்னமுத்துத் தடுப்பூசி போன்ற சில, இவர்களில் சிலருக்கு ஆகாது. அதனால் சுற்றியிருக்கிற நாமும் நம் பிள்ளைகளும் நேரத்துக்கு ஊசி போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. 2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. 2023இல் அது திரும்ப வந்தது.

தோழர்களே, தள்ளி நிற்கச் சொன்னால் நம் சனங்களுக்குச் சுருக்கென்று படும். அதற்குக் காரணம் உண்டு. நம் பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து வரும்போது மண்டபம் முகாமில் மறித்து வைக்கப்பட்டார்கள். கொலரா, அம்மை, பிளேக் இருக்கிறதா என்று சோதித்துத்தான் கப்பலில் ஏற்றினார்கள். தோட்டத்துக்குத் தொழிலாளி வேண்டும், அவனோடு நோய் வரக் கூடாது என்பது அன்றைய கணக்கு. அது நம்மை ஒதுக்கி வைத்த வேலை.

ஆனால் நம்மிடமே வேறொரு முறையும் இருந்தது. வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகுவோம். அதைப் பார்த்து யாரும் உள்ளே வரமாட்டார்கள். அதற்காக யாரும் கோபித்ததில்லை. அந்த வீட்டுக்குத் தண்ணீரும் கஞ்சியும் போகாமலும் இருந்ததில்லை. அதே மரியாதையைக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கொடுத்தால் போதும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று விஷயத்தை லயத்தில் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

ஒன்று: சுகமில்லாதவர் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். "மதினி, வீட்டில் மூத்தவனுக்குக் காய்ச்சல். நீங்க வராதீங்க, ஆறினதும் நானே வாறேன்." இந்த ஒரு வார்த்தை போதும். பலவீனமானவர் வாயால் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய நிலைமை வரக் கூடாது. அப்படியே அவர் சொன்னாலும் யாரும் குறையாக எடுக்கக் கூடாது.

இரண்டு: நோயாளி உள்ள வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சி போடுங்கள். பார்க்க வருகிறவர்கள் அங்கே உட்காரட்டும். தலைவர் வந்தாலும், துரை வந்தாலும், சாமியார் வந்தாலும் அதே பெஞ்சிதான்.

மூன்று: பார்க்கப் போவதை வேலையாக மாற்றுங்கள். பத்துப் பேர் உள்ளே போய் உட்காருவதை விட, ஒருவர் பீலியில் தண்ணீர் பிடித்துக் கொடுக்கலாம். ஒருவர் விறகு போடலாம். ஒருவர் கிளினிக்குக்குக் கூடப் போகலாம். ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். மாதர் தலைவி ஒரு கொப்பியில் முறை எழுதினால் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதும் உண்டு. காய்ச்சலோடு பிரட்டுக்கு வருகிற தொழிலாளி ஆசைப்பட்டு வருவதில்லை. பேர் போய்விடும் என்று வருகிறார். பால் வெட்டப் போகிறவரும் கொழுந்து எடுக்கப் போகிறவரும் லொறியில் நெருங்கி நின்று இருமினால் அது பிள்ளைமடுவம் வரை போகும். காய்ச்சல்காரருக்கு வருமானம் போகாமல் ஓய்வு, டிஸ்பென்சரியில் காய்ச்சல் பார்க்கும் கருவியும் முகக்கவசமும், ஜன்னல் இல்லாத காம்பராக்களுக்கு ஜன்னல் ஆகியவற்றைப் பேச்சுவார்த்தையில் வைப்போம். அதற்கு ஒவ்வொரு தோட்டத்திலும் ஜன்னல் இல்லாத காம்பரா எத்தனை என்று எண்ணி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.