வீட்டுக் கத்தியைத் தீட்ட எந்தக் கருவி வாங்கலாம்?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி என்று ஒன்றரை மணி நேரம் பேசிக் களைத்திருப்பீர்கள். நான் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மேடம் கத்தி தீட்டும் கருவியின் படத்தைப் போட்டு "இது நல்லதா, வாங்கலாமா?" என்று கேட்டார். நாற்பது பதில் வந்தது, அதில் முப்பது குட்மார்னிங். அதனால் செயலாளர் சார் என்னை நேரில் பேசச் சொல்லிவிட்டார். முப்பது வருடம் லேத் பட்டறையில் இருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

முதலில் என் வீட்டுக் கதை. அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. வாழ்நாளெல்லாம் அரிவாள்மணையில் நறுக்கியவர். முட்டி வலி வந்த பிறகு தரையில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேஜை, பலகை, கத்தி என்று மாற்றிக் கொடுத்தோம். கொடுத்த கத்தி மொக்கை. ஒருநாள் பூசணிக்காயில் கத்தி இறங்கவில்லை என்று அழுத்தியிருக்கிறார். தோலில் வழுக்கி இடது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. மூன்று தையல். இனி அடுப்படிப் பக்கம் வரவேண்டாம் என்று நாங்கள் சொன்னோம். "கத்தி மொக்கைன்னா கத்தியைத் தீட்டுடா, என்னை ஏன் ஒதுக்குற?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பட்டறையில் தினமும் டூல் தீட்டியவன் வீட்டுக் கத்தியை வருடக்கணக்கில் திரும்பிப் பார்க்கவில்லை.

கூர்மையான கத்திதான் ஆபத்து என்று நினைக்கிறோம். மொக்கைக் கத்திக்குத்தான் பலம் கொடுத்து அழுத்த வேண்டும், பலம் கொடுத்த கத்தி வழுக்கினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சின்ன வெங்காயம் உரிக்கிற வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். மொக்கைக் கத்தி வெங்காயத்தை வெட்டாமல் நசுக்குகிறது, அதனால் கண்ணீரும் கூடுதல்.

கத்தியில் விஷயம் முழுக்கக் கோணம்தான். நமக்கு இது புதிதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம் ஊர்ப் பூட்டு. சாவியின் வெட்டு ஒரு இழை பிசகினால் அது திறக்காது. கத்தியின் விளிம்பும் அப்படித்தான். இரண்டு பக்கமும் சரிந்து வந்து ஒரு கோட்டில் சேர வேண்டும். நம் கடைகளில் கிடைக்கிற சாதாரண ஸ்டெயின்லெஸ் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி போதும். ஜப்பான் கத்திகளை 15 டிகிரியில் தீட்டுகிறார்களே என்று நாமும் செய்தால், நம் கத்தியின் இரும்பு மென்மை என்பதால் விளிம்பு சீக்கிரம் மடங்கிவிடும்.

வெறும் கையால் கல்லில் தீட்டும்போது இந்தக் கோணம் ஒவ்வொரு இழுப்பிலும் ஆடும். ஒருமுறை 15, அடுத்தமுறை 25. விளிம்பு உருண்டுபோகும். பழகினால் கை நிற்கும், ஆனால் பழக மாதக்கணக்காகும். கோணம் பிடித்துக் கொடுக்கும் கருவி அந்த வேலையைத்தான் செய்கிறது.

மலிவிலிருந்து போகிறேன். கத்தியின் முதுகில் மாட்டுகிற பிளாஸ்டிக் கிளிப். முதுகைக் கல்லிலிருந்து ஒரே உயரத்தில் தூக்கி வைக்கும். டவுன் இரும்புக்கடையில் இரண்டு பக்கமும் உள்ள கார்போரண்டம் கல் ஒன்றும் இந்தக் கிளிப்பும் வாங்கினால் சில நூறு ரூபாயில் முடியும். குறை என்னவென்றால், கிளிப் கொடுக்கிற கோணம் கத்தியின் அகலத்தைப் பொறுத்தது. முதுகிலிருந்து விளிம்புவரை 30 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்தியை 10 மில்லிமீட்டர் தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரி வரும். 40 மில்லிமீட்டர் கத்திக்கு அதே 20 டிகிரி வேண்டுமென்றால் 14 மில்லிமீட்டர் தூக்க வேண்டும். ஒரே கிளிப் எல்லாக் கத்திக்கும் சரிவராது.

அடுத்தது கத்தியைக் கவ்வியில் பிடித்து, ஒரு கம்பியில் கல்லை மாட்டித் தேய்க்கிற வகை. அமெரிக்காவின் லான்ஸ்கி பழைய பெயர். அதில் 17, 20, 25, 30 என்று டிகிரி போட்ட ஓட்டைகள் இருக்கும், கம்பியை எந்த ஓட்டையில் விடுகிறோமோ அந்தக் கோணம். வொர்க் ஷார்ப் என்பதில் திருகிக் கோணத்தை மாற்றலாம். எட்ஜ் புரோ என்ற கருவியைப் பார்த்துச் செய்த சீனக் கருவிகள் இணையக் கடைகளில் நிறைய. நான் வாங்கியது அந்தச் சீன வகைதான். 120, 320, 600, 1500 என்று நான்கு கல் வந்தது. கல் சுமார் ரகம், பிடிமானம் பரவாயில்லை. ஒரு வருடமாக ஓடுகிறது.

மேடம் கேட்ட படம், உருளையை உருட்டித் தீட்டுகிற வகை. ஜெர்மனியின் ஹோர்ல் கொண்டுவந்தது. காந்தக் கட்டை கத்தியை 15 அல்லது 20 டிகிரியில் பிடித்துக்கொள்ளும். பழக ஐந்து நிமிடம் போதும். ஆனால் ரொம்பச் சின்னக் கத்திக்கு அது தோதுப்படாது, விலையும் கூடுதல். பளபளப்புக்குக் காசு கொடுக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். வாங்கியவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

V மாதிரி பள்ளத்தில் கத்தியை விட்டு இழுக்கிற டப்பா பல வீட்டில் இருக்கும். அதுவும் கோணம் பிடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரும்பைச் சுரண்டி எடுக்கிறது. விளிம்பு ரம்பம் போல ஆகி, இரண்டு நாள் வெட்டும், மூன்றாம் நாள் பழைய கதை.

கவ்வி வகை வாங்குகிறவர்களுக்கு, பெட்டியில் எழுதாத சில விஷயங்கள். ஓட்டையில் 20 என்று போட்டிருந்தாலும் உங்கள் கத்திக்கு அது 20 ஆக இருக்க வேண்டியதில்லை. கத்தி கவ்வியைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அவ்வளவுக்குக் கோணம் குறையும். அதனால் கத்தியை எந்த இடத்தில் கவ்வினீர்கள் என்று முதுகில் சின்ன அடையாளம் வையுங்கள். அடுத்த முறையும் அதே இடம். மெலிந்த கத்தி கவ்வியில் ஆடினால் கரண்ட்காரர் ஒட்டுகிற டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிக் கவ்வுங்கள், பிடித்துக்கொள்ளும், கீறலும் விழாது.

தொடங்கும் முன் விளிம்பின் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். லேசாக இரண்டு இழுப்பு. மை மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கோணம் சின்னது, நுனியில் மட்டும் அழிந்தால் பெரியது. முழுக்க அழிந்தால் சரி. இதைச் செய்தால் டிகிரிக் கணக்கே பார்க்க வேண்டாம்.

பிறகு ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே மறுபக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, வெளிப்பக்கமாகத்தான் தடவ வேண்டும். விளிம்போடு நீளவாக்கில் தடவினால் தையல்தான். அடியிலிருந்து நுனிவரை மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்பிப் போடுங்கள். இந்தப் பிசிறு வருமுன் பொறுமை இழந்து நைஸ் கல்லுக்குப் போகிறவர்கள்தான் "கருவி மோசம்" என்று எழுதுகிறார்கள். சமையலுக்கு 600 கல்லோடு நிறுத்தலாம். 1500 முகம் பார்க்க. கடைசியில் தக்காளியை வைத்துப் பாருங்கள். கத்தி தன் கனத்திலேயே தோலில் இறங்க வேண்டும்.

அரிவாள்மணையை எந்தக் கவ்வியிலும் மாட்ட முடியாது. கத்தரிக்கோல், கறி வெட்டும் தடித்த கத்தி, பல் வைத்த ரொட்டிக் கத்தி இவற்றுக்கும் இந்தக் கருவிகள் ஒத்துவராது. இங்கேதான் ஒரு விண்ணப்பம். சைக்கிளில் சாணைக்கல்லோடு வருகிற அண்ணனைப் போன வருடத் தீர்மானத்துக்குப் பிறகு நம் கேட்டில் உள்ளே விடுவதில்லை. பாதுகாப்புக்காக என்று நானும் கை தூக்கியவன்தான். இரண்டு முறை வந்து திரும்பிப் போனதாக வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். அரிவாள்மணையையும் கத்தரிக்கோலையும் அவர்தான் சரியாகத் தீட்டுவார், என்னால் முடியாது. மெல்லிய கத்தியை மட்டும் அவரிடம் கொடுக்கும்போது தண்ணீரில் அடிக்கடி நனைத்துத் தீட்டச் சொல்லுங்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் சூட்டில் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, கேட் உள்ளே வேப்ப மரத்தடியில் அவர் உட்கார அனுமதிக்க வேண்டும், அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அதே நேரம் பக்கத்து மேஜையில் என் கருவியோடு நான் இருப்பேன். ஐம்பது வீட்டுக்கு ஐம்பது கருவி எதற்கு? வந்து கையால் தொட்டுப் பாருங்கள், பிடித்தால் பிறகு வாங்குங்கள். கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே வீட்டு எண் எழுதிக் கொண்டுவாருங்கள். குழந்தைகள் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். என் அம்மாவும் கீழே வருவதாகச் சொல்லியிருக்கிறார், தக்காளியை வைத்துச் சோதிக்கிற வேலை அவருடையது.