பாக்கெட்டின் பின்பக்கம்

காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் வேர்க்கடலை பிடுங்கிக் கொண்டிருந்த ஒரு வயலுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு அம்மா சொன்னார்: "எங்க மல்லாட்டைய மூட்டை போட்டு வித்துடறோம் சார். வீட்டுக்குப் பாக்கெட் எண்ணெய்தான். அதுலதான் கொலஸ்ட்ரால் இல்லைன்னு போட்டிருக்கு."

போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் கொலஸ்ட்ரால் என்பது நெய், முட்டை, இறைச்சி போன்ற பிராணிப் பொருள்களில் இருப்பது. செடியில் விளைகிற எந்த எண்ணெயிலும் அது கணக்கில் வரும் அளவுக்குக் கிடையாது. உங்கள் செக்கு எண்ணெயிலும் இல்லை. நீங்கள் எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான்! ஒருவர் எழுதிவிட்டால், எழுதாதவர் எண்ணெயில் அது இருப்பதாக நம் மனசு தானே முடிவு கட்டிவிடுகிறது.

பாமாயிலிலும் கொலஸ்ட்ரால் இல்லை. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் இதற்குத்தான் பெரிய பங்கு. கடலை எண்ணெயில் இது 100 கிராமுக்குச் சுமார் 17, 18 கிராம். அதற்காகக் கடலை எண்ணெயைத் தாராளமாக ஊற்றச் சொல்லவில்லை. எந்த எண்ணெயானாலும் 100 கிராமுக்கு 900 கலோரி. இந்தக் கணக்கெல்லாம் பாக்கெட்டின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும்.

கேழ்வரகு பிஸ்கட்டைப் பாருங்கள். முன்பக்கம் கதிரின் படம். பின்பக்கம் சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில், கேழ்வரகு கடைசி வரியில் என்றால் அது மைதா பிஸ்கட்தான். பட்டியல் பெரும்பாலும் இங்கிலீஷில் இருப்பது நமக்கு ஒரு தொல்லை. 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்றால் மைதா. 'வீட்' என்பதைப் பார்த்துக் கோதுமை என்று ஏமாந்து விடாதீர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லலாம்.

பிள்ளைகளுக்குக் கலக்கித் தருகிற மாவுப் பானங்களும் அப்படித்தான். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையக் கடைகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் எந்தப் பானத்தையும் வைக்காதீர்கள், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை என்றது. இத்தனை வருஷம் நாம் அதை நம்பித்தானே வாங்கினோம்? டப்பாவில் 100 கிராமுக்கு 32 கிராம் சர்க்கரை என்று இருந்தால், மூன்றில் ஒரு பங்குக்குச் சர்க்கரைக்கே காசு கொடுக்கிறோம்.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிஞ்சிய பாக்கெட்டின் முன்பக்கமே கறுப்பு எட்டுமூலை முத்திரை குத்துகிறார்கள். நம் நாட்டில் 2022-இல் நட்சத்திரம் போடலாம் என்று ஒரு வரைவு வந்தது. எனக்கென்னவோ நட்சத்திரம் சரிப்படாது. ஒரு நட்சத்திரம் போட்டாலும் பார்க்கிறவனுக்கு அது பாராட்டாகத்தான் தெரியும்.

குழுவாகச் சேர்ந்து எண்ணெய் ஆட்டி விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், ஆட்டிய தேதி, சத்து அட்டவணை ஆகியவற்றை ஒழுங்காகப் போடுங்கள். சர்க்கரை நோய் போகும், மாரடைப்பு வராது என்றெல்லாம் அச்சடிக்காதீர்கள், வழக்கு வரும். காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, விவரம் கேட்கலாம். வீட்டில் உள்ள பாக்கெட்டில் சந்தேகம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு என்னிடமே வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.