பங்காளிகளின் கோட்டை

ஜெர்மனியில் நெடுநாளாக வாழும் நண்பர்களுக்குப் பழைய 500 மார்க் நோட்டு நினைவிருக்கலாம். அதன் பின்பக்கத்தில் ஒரு கோட்டை இருக்கும். (நம் கையில் அந்த நோட்டு எத்தனை நாள் தங்கியது என்பது வேறு கதை!) அந்த எல்ட்ஸ் கோட்டையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மோசல் ஆற்றுக்கு அருகே, எல்ட்ஸ்பாக் என்ற ஓடை மூன்று பக்கமும் சுற்றி ஓட, சுமார் 70 மீட்டர் உயரப் பாறையின்மேல் அது நிற்கிறது. 1157-இல் பேரரசர் பார்பரோசாவின் சாசனமொன்றில் ருடோல்ஃப் ஃபான் எல்ட்ஸ் என்பவர் சாட்சியாக வருகிறார். இன்றும் கோட்டை அதே குடும்பத்தின் சொத்துதான்.

1268-க்குள் மூன்று சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஆனால் கோட்டையை விட்டு யாரும் போகவில்லை. நம் மொழியில் சொன்னால், பங்காளிகள் ஒரே முற்றத்தில் வாழ்ந்தார்கள். பங்காளி என்ற சொல்லில் உறவும் இருக்கிறது, பகையும் இருக்கிறது, இல்லையா?

கட்டடக்கலையின் சூட்சுமமும் இங்கேதான். பாறையில் பக்கவாட்டில் இடமில்லை. ஆகவே ஒவ்வொரு கிளையும் மேல்நோக்கிக் கட்டியது. ரியூபெனாக் வீடு 1472-இல் எழுந்தது. கெம்பெனிக் வீடு முடிய 17-ஆம் நூற்றாண்டு ஆயிற்று. கீழே கல், உச்சியில் மரச்சட்டங்கள் தெரியும் சிறு கோபுரங்கள். எட்டுக் கோபுரங்கள், நூறுக்கு மேற்பட்ட அறைகள். ஒரே சிற்பி வரைந்த திட்டமாக அது தெரியாததற்குக் காரணம், அப்படி யாரும் வரையவில்லை என்பதுதான்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு மாவீரர் மண்டபம் இருந்தது. அதன் சுவரில் கோமாளி முகங்கள்: இங்கே எவரும் எதையும் பேசலாம். கதவுக்கு மேலே ஒரு ரோஜா: பேசியது வெளியே போகக்கூடாது. எனக்கு அந்த எட்டுக் கோபுரங்களைவிட இந்த ரோஜாதான் பெரிதாகத் தெரிகிறது.

வெளிப்பகை வராமலில்லை. 1331-இல் ட்ரியர் பேராயர் பால்டுவின் எதிரே ஒரு முற்றுகைக் கோட்டையே கட்டி, கற்குண்டுகளை வீசினார். எல்ட்ஸ் பணிந்தது, இடியவில்லை. 1689-இல் பிரெஞ்சுப் படை ரைன் பகுதிக் கோட்டைகளைத் தகர்த்தபோது, அந்தப் படையிலேயே அதிகாரியாக இருந்த ஒரு எல்ட்ஸ் அதைக் காப்பாற்றினார். 1815-இல்தான் ஒரு கிளை மற்றதன் பங்கை வாங்கி, முழுவதும் ஒரே கைக்கு வந்தது.

போகிறவர்கள் எதிர்க்குன்றையும் பாருங்கள். பால்டுவின் கட்டிய ட்ருட்ஸ்எல்ட்ஸ் அங்கே இடிந்து கிடக்கிறது.